‘தி நிக்’ பார்க்கப் போகிறீர்களா? இப்படிப் பாருங்கள்

‘தி நிக்’ தொடரைப் பாதியில் விட்டவர்களில் இரண்டு வகை உண்டு. ரத்தத்தைப் பார்க்க முடியாமல் முதல் ஆபரேஷனிலேயே மூடிவிட்டவர்கள் ஒரு வகை. கிளைவ் ஓவன் நடித்த டாக்டர் ஜான் தாக்கரிக்காகவே ஆசையாக உட்கார்ந்து, நாலைந்து எபிசோடு போனதும் "இவனைப் போய் எப்படி நாயகன் என்று ஏற்றுக்கொள்வது" என்று சலித்துப்போனவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவத்தைப் பற்றி வந்த தொடர்களில் இதற்கு இணையாக ஒன்றை நான் பார்த்ததில்லை, சரியான இடத்தில் கண்ணை வைத்துப் பார்க்காததால் பலர் இதைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முதலில் அடிப்படை. கதை நடப்பது 1900ஆம் ஆண்டு நியூயார்க்கில், ஏழைகளும் புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்களும் நெருக்கியடித்து வாழும் பகுதியில், நிக்கர்பாக்கர் என்ற ஆஸ்பத்திரியில். அதன் செல்லப் பெயர்தான் நிக். (அந்தப் பெயரில் ஹார்லெம் பக்கம் உண்மையாகவே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது, ஆனால் தொடரில் வருவது கற்பனை.) சினிமேக்ஸ் சேனலில் 2014இலும் 2015இலும் வந்தது, சீசனுக்குப் பத்து வீதம் மொத்தம் 20 எபிசோடுகள். இருபதையும் இயக்கியவர் ஸ்டீவன் சோடர்பெர்க் ஒருவரே, வேறு பெயர்களில் கேமராவும் எடிட்டிங்கும்கூட அவர்தான். அதனால் எபிசோடுக்கு எபிசோடு கை மாறிய உணர்வு எங்கேயும் வராது.

பெரிய திரையில் பாருங்கள், அறை விளக்கை அணைத்துவிட்டு. அந்தக் காலத்து விளக்கு வெளிச்சம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே எடுத்திருப்பதால் நிறைய காட்சிகள் இருட்டு, போனில் பார்த்தால் பாதி தெரியாது. சப்டைட்டில் கட்டாயம் வேண்டும், ஆம்புலன்ஸ் ஓட்டும் கிளியரியின் ஐரிஷ் உச்சரிப்பைக் காதால் மட்டும் பிடிப்பது கஷ்டம். க்ளிஃப் மார்ட்டினெஸின் இசை முழுக்க எலக்ட்ரானிக், குதிரை வண்டி ஓடும் தெருவில் அது ஒலிக்கும்போது முதலில் ஒட்டாத மாதிரி இருக்கும். ஒரு எபிசோடு பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அது இல்லாமல் இந்தத் தொடரை நினைத்தே பார்க்க முடியாது. பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டும் வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும் சமீபத்தில் பிரசவத்தில் யாரையாவது இழந்தவர்களும் முதல் எபிசோடைத் தள்ளி வைப்பது நல்லது, இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

அந்த முதல் ஆபரேஷன்

தொடங்கி சில நிமிஷங்களிலேயே அது வந்துவிடும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டு ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண், சுற்றிலும் படிப்படியாக அமைந்த பெஞ்சுகளில் கோட்டுப் போட்ட டாக்டர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்க, தலைமை அறுவை மருத்துவர் கிறிஸ்டியான்சனும் தாக்கரியும் வயிற்றைத் திறக்கிறார்கள். வெறும் கை. ரத்தத்தை உறிஞ்ச ஒரு கைப்பம்பு. தாயும் பிழைப்பதில்லை, குழந்தையும் பிழைப்பதில்லை. இதே ஆபரேஷனில் இவர்கள் தோற்பது இது முதல் முறையும் இல்லை. அதற்குப் பிறகு கிறிஸ்டியான்சன் தன் அறைக்குப் போய் என்ன செய்கிறார் என்பதை நீங்களே பாருங்கள், அவருடைய நாற்காலிக்குத் தாக்கரி வருவது அதனால்தான்.

இந்தக் காட்சியை எப்படித் தாண்டுவது? கண்ணை மூடாதீர்கள், ஆனால் பார்வையை நகர்த்துங்கள். ரத்தம் தாங்கவில்லை என்றால் ஜாடியைப் பாருங்கள், எவ்வளவு ரத்தம் சேர்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பதைக் கேளுங்கள், பெஞ்சில் இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். அந்த ஆபரேஷனை மனதில் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள். சீசனின் நடுவில் அதே பிரச்சினையோடு இன்னொரு பெண் வருவாள், அதற்குள் தாக்கரியும் இளம் டாக்டர் பெர்ட்டியும் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள். முதல் காட்சியில் கண்ணை மூடியவர்களுக்கு அந்த இரண்டாவது காட்சியின் கனம் கிடைக்காது. தொடரின் மொத்தக் கட்டமைப்பும் இப்படித்தான் இருக்கிறது, ஒருவர் செத்த இடத்தில் அடுத்தவர் பிழைக்கிறார்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தாக்கரி மேதைதான், சந்தேகமில்லை. கோக்கைனுக்கு அடிமை, அபின் கிடங்கில் படுத்து எழுந்து வேலைக்கு வருகிறவன், திமிர் பிடித்தவன், கறுப்பினத்தவரை அருகில் நிற்க விடாதவன். தொடர் அவனைத்தான் முன்னால் நிறுத்துகிறது, ஓவனும் கண்ணை எடுக்க விடாமல் நடிக்கிறார். ஆனால் ஒவ்வொரு ஆபரேஷனிலும் நீங்கள் பார்க்க வேண்டியது மேஜையில் படுத்திருப்பது யார் என்பதை. காசு உள்ளவரா இல்லாதவரா, என்ன செய்யப்போகிறார்கள் என்று அவரிடம் சொன்னார்களா, இது இதற்கு முன் யாருக்காவது பலித்திருக்கிறதா. இந்தக் கேள்விகளோடு பார்த்தால் தாக்கரியைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பது முக்கியமில்லாமல் போய்விடும், சலிப்பும் வராது.

வருடங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

பரீட்சைக்குப் படிப்பது மாதிரி இல்லை, ஆறேழு விஷயம் தெரிந்தால் போதும். ஈதர் கொடுத்து மயக்கமாக்குவது 1846இலேயே வந்துவிட்டது. கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொல்லலாம் என்று லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1867இல் எழுதிவிட்டார். எக்ஸ்ரே 1895. முதுகுத்தண்டில் கோக்கைன் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கும் முறையை ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மானியர் செய்து பார்த்தது 1898, முதல் எபிசோடில் தாக்கரி கையில் எடுப்பது இந்த வகை வித்தையைத்தான். அதாவது வலி இல்லாமல் வயிற்றைத் திறக்க முடியும், சுத்தமாகத் திறக்கவும் ஓரளவு தெரியும், ஆனால் திறந்த பிறகு ரத்தம் போனால் ஈடு கட்ட நம்பகமான வழி இல்லை, சீழ் பிடித்தால் கொடுக்க மருந்து இல்லை. பெனிசிலின் 1928இல் கண்டுபிடிக்கப்பட்டு 1940களில்தான் நோயாளிகளுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் 1900இல் பிறந்த குழந்தைக்குச் சராசரி ஆயுள் 47 வருடத்தை ஒட்டித்தான் கணக்கிடப்பட்டது.

இன்னும் இரண்டை மட்டும் தனியாக ஞாபகம் வைத்திருங்கள். ரத்தத்தில் வகைகள் உண்டு என்று லேண்ட்ஸ்டைனர் என்ற டாக்டர் வெளியிட்டது 1901இல். பேயர் கம்பெனி ஹெராயினை மருந்தாக, இருமலுக்குக்கூடக் கொடுக்கலாம் என்று, 1898 முதல் விற்றுக்கொண்டிருந்தது. முதல் சீசனின் கடைசி எபிசோடைப் பார்க்கும்போது இந்த இரண்டும் உங்களுக்குத் தேவைப்படும். ஏன் என்று இங்கே சொன்னால் அந்த எபிசோடு கெட்டுவிடும்.

கோக்கைனும் அப்போது மருந்துக்கடைச் சரக்கு. அமெரிக்கா முழுவதற்குமாக அதைச் சட்டப்படி கட்டுக்குள் கொண்டுவந்தது 1914இல் வந்த ஹாரிசன் சட்டம்தான். அதனால் தாக்கரி ஆஸ்பத்திரி பீரோவைத் திறந்து புட்டியை எடுக்கும்போது அவன் சட்டத்தை மீறவில்லை, அதில் குற்றம் தேடாதீர்கள், அவனுடைய கை நடுங்குகிறதா இல்லையா என்பதைப் பாருங்கள்.

தாக்கரிக்குப் பின்னால் இருக்கும் நிஜ மனிதர்

இதைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து, கதை எதுவும் கெடாது. தாக்கரியின் பாத்திரத்துக்குப் பெரிய அளவில் மூலம் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட், 1852இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1884இல் கார்ல் கோலர் என்ற கண் டாக்டர் கோக்கைன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது என்று காட்டியதும், ஹால்ஸ்டெட்டும் அவருடைய நண்பர்களும் அதை நரம்புகளில் ஊசியாகப் போட்டால் கை கால் தாடையை மட்டும் மரத்துப்போக வைக்கலாமே என்று ஆராய்ந்தார்கள். யார் மேல் சோதித்தார்கள்? தங்கள் மேலேயே. இன்று பல்லைப் பிடுங்கும் முன் தாடையில் போடும் ஊசிக்கு வேர் அந்த ஆராய்ச்சியில் இருக்கிறது, அந்த ஆராய்ச்சியில் இறங்கியவர்கள் போதைக்கு அடிமையானார்கள். ஹால்ஸ்டெட் ப்ராவிடன்ஸ் நகரத்தில் பட்லர் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார், கோக்கைனிலிருந்து மார்ஃபினுக்கு மாறினார்.

அப்புறம் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்தது, அங்கே அறுவை சிகிச்சைத் துறையையே அவர் கட்டி எழுப்பினார். படிப்பு முடித்த டாக்டர்களை வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே வைத்து அறுவை மருத்துவர்களாக வளர்க்கும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது அவரால். ஆபரேஷனில் ரப்பர் கையுறையும் அவரிடமிருந்துதான் பரவியது, அதன் கதை அழகானது. கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸுக்குக் கிருமி கொல்லும் பாதரசக் கரைசலால் கையெல்லாம் புண்ணாகிப்போக, ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்யவைத்தார். 1890இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். தொடரில் லூசி எல்கின்ஸ் என்ற நர்ஸைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், ஈவ் ஹ்யூசன் நடித்திருக்கிறார், அந்தக் கதை போகும் திசை வேறு.

ஹால்ஸ்டெட் மார்ஃபினை விட்டுவிட்டார் என்றுதான் வெளியே எல்லோரும் நம்பினார்கள். கூட வேலை பார்த்த வில்லியம் ஆஸ்லர் உண்மையை ஒரு ரகசியக் குறிப்பில் எழுதிப் பூட்டி வைத்தார், அது திறக்கப்பட்டது 1969இல். ஹால்ஸ்டெட் 1922இலேயே இறந்துவிட்டார். அவ்வளவு வருடம், அவ்வளவு ஆபரேஷன், அவ்வளவு மாணவர்கள், நடுவில் இது.

ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் தொடர் அவரை மாற்றியிருக்கிறது. தாக்கரி வேகம், கூட்டத்துக்கு முன்னால் வித்தை காட்டுகிற வேகம். பால்டிமோரில் இருந்த ஹால்ஸ்டெட் பேர் வாங்கியது நேர் எதிரான குணத்துக்கு, நிதானம், சதையை மெதுவாகக் கையாள்வது, ஒவ்வொரு ரத்தக் குழாயாகக் கட்டி முடிப்பது. மயக்க மருந்து வந்த பிறகு அவசரப்படத் தேவையே இல்லை என்பதை முழுசாக உணர்ந்தவர் அவர். இது தெரிந்தால் தாக்கரி கத்தியை வீசும் காட்சிகளில் எது திறமை, எது வெறும் கோக்கைன் என்று உங்களாலேயே பிரித்துப் பார்க்க முடியும். 1881இல் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் சாகக் கிடந்த தன் தங்கைக்குத் தன் ரத்தத்தையே எடுத்து ஏற்றியவர் ஹால்ஸ்டெட், அவள் பிழைத்தாள். ரத்த வகை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலம். இதையும் அந்தக் கடைசி எபிசோடுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

எட்வர்ட்ஸை விட்டுவிடாதீர்கள்

என்னைக் கேட்டால் தொடரின் உயிர் ஆண்ட்ரே ஹாலண்ட் நடித்த டாக்டர் ஆல்ஜெர்னன் எட்வர்ட்ஸ். கறுப்பினத்தவர், ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர், நிக்கில் இருக்கும் பலரைவிடத் திறமைசாலி. ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும் ராபர்ட்சன் குடும்பம் வற்புறுத்துவதால் தாக்கரி அவரைச் சேர்த்துக்கொள்கிறான், ஆனால் மேஜைப் பக்கம் விடுவதில்லை. எட்வர்ட்ஸ் என்ன செய்கிறார் தெரியுமா, மேலே அனுமதிக்கப்படாத கறுப்பின நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கொதிகலன் பக்கத்தில், ராத்திரியில் தனியாக ஒரு கிளினிக் நடத்துகிறார். அங்கே அவர் செய்யும் ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷனைக் கவனமாகப் பாருங்கள், தாக்கரியின் மனம் முதலில் அசைவது அந்த வித்தையைப் பார்த்துத்தான். வித்தைக்காக அசைகிறதே தவிர மனிதருக்காக அசைய இன்னும் நாளாகிறது, அந்த இடைவெளியைத் தொடர் பூசி மெழுகவில்லை.

முதல் சீசனின் ஏழாவது எபிசோடை மட்டும் எந்த இடையூறும் இல்லாத நேரத்தில் பாருங்கள். 1900 ஆகஸ்டில் நியூயார்க்கின் டெண்டர்லாயின் பகுதியில் வெள்ளைக்காரக் கும்பல் கறுப்பின மக்களைத் தெருவில் தேடித் தேடி அடித்தது நிஜமாக நடந்தது, அந்த எபிசோடு அதிலிருந்து எடுத்தது. எட்வர்ட்ஸ் மாதிரி ஒருவர் அப்போது இருந்திருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்ற கறுப்பின மருத்துவர் 1891இல் சிகாகோவில் ப்ராவிடன்ட் என்ற ஆஸ்பத்திரியைத் தொடங்கி, 1893இல் கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் மார்பைத் திறந்து இதயத்தின் உறையைத் தைத்துப் பிழைக்க வைத்தார். திறமைக்குப் பஞ்சம் இருக்கவில்லை, கதவுதான் மூடியிருந்தது.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலாளர் பாரோ வரும் காட்சிகளில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள், மின்சார வயரிங்கில் அவர் அடித்த காசு யார் தலையில் விழுகிறது என்பது இரண்டாவது எபிசோடிலேயே தெரியும். கன்னியாஸ்திரி ஹாரியட்டும் கிளியரியும் முதலில் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள், அந்த இருவரின் கதைதான் போகப் போக எனக்கு மிகவும் பிடித்தது. நிக்கின் இன்னொரு அறுவை மருத்துவனான கேலிங்கரை வெறும் பொறாமைக்காரன் என்று ஒதுக்கிவிடாதீர்கள், இரண்டாம் சீசனில் அவன் போய்ச் சேரும் இடம் அக்காலத்தில் படித்தவர்கள் பலர் மரியாதையோடு பேசிய ஒரு கொள்கை, நல்ல வம்சம் கெட்ட வம்சம் என்று மனிதரைப் பிரிக்கும் கொள்கை.

எதை நம்பலாம், எதை நகர்த்தியிருக்கிறார்கள்

கருவிகளையும் ஆபரேஷன் முறைகளையும் பெரும்பாலும் நம்பலாம். பழைய மருத்துவப் புகைப்படங்களைச் சேகரித்து வைத்திருக்கும் டாக்டர் ஸ்டான்லி பர்ன்ஸ் ஆலோசகராக இருந்திருக்கிறார். காலத்தைத்தான் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளியிருக்கிறார்கள். டைபாய்டைப் பரப்பிய சமையல்காரி மேரி மாலன் தொடரில் 1900இலேயே அகப்படுகிறார், நிஜத்தில் அவரைப் பிடித்தது 1907இல். காய்ச்சலை வரவழைத்து சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைக் குணப்படுத்தப் பார்ப்பது இரண்டாம் சீசனில் வருகிறது, வாக்னர்-யாவ்ரெக் என்ற டாக்டர் மலேரியாவை வைத்து அதைச் செய்தது 1917இல். இதையெல்லாம் தவறு என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். இருபது வருட மருத்துவத்தை ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவர வேறு வழி இல்லை.

நம்மோடு தொடர்பு வரும் இரண்டு இடங்களைச் சொல்லியே ஆக வேண்டும். சிஃபிலிஸால் மூக்கை இழந்த அபிகெயில் என்ற பெண்ணுக்குத் தாக்கரி அவள் கைத் தோலை முகத்தோடு சேர்த்துத் தைத்து மூக்கு செய்கிறான், அது இத்தாலிய முறை. நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்வது இந்திய முறை. திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி சிறைப்பட்டு மூக்கு அறுபட்டார், புனே பக்கத்தில் ஒருவர் அப்படி மூக்கு வைத்துக் கொடுத்தார், அந்தச் செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்து ஐரோப்பிய டாக்டர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கவாஸ்ஜியின் பெயர் நின்றது, செய்தவரின் பெயர் அந்தச் செய்தியில் இல்லை. இன்னொன்று, இரண்டாம் சீசனில் ஒட்டிப் பிறந்த சகோதரிகளைப் பிரிக்கும் ஆபரேஷன். 1902இல் பாரிஸில் டுவாயென் என்ற டாக்டர் ஒடிசாவில் பிறந்த ராடிகா, டூடிகா என்ற இரட்டையரைப் பிரித்தார், அதைப் படமும் பிடித்தார். டூடிகா சில நாட்களிலேயே இறந்துபோனாள், ராடிகா அடுத்த வருடம். சர்க்கஸில் காட்டப்பட்டு வந்த சிறுமிகள் அவர்கள். மேஜையில் படுத்திருப்பது யார் என்று பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

அதே நியூயார்க்கில், கார்னெல் மருத்துவக் கல்லூரியில், பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பில் 1899இல் தேறியவர் ஐடா ஸ்கடர். 1900 தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார், மன்ஹாட்டனில் ஒரு வங்கியாளர் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் அங்கே ஒரு பெண்கள் மருத்துவமனை எழுந்தது, இன்றைய சிஎம்சி வளர்ந்தது அந்த வேரிலிருந்து. தொடரில் அவர் இல்லை. ஆனால் கொர்னீலியா ராபர்ட்சன் அறக்கட்டளைக் கூட்டங்களில் ஆண்களோடு மல்லுக்கட்டும் காட்சிகளைப் பார்க்கும்போது, அந்த ஊரின் பணம் வேலூர் வரை வந்ததை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஒரு ராத்திரியில் இரண்டு எபிசோடுக்கு மேல் போகாதீர்கள், அதற்கு மேல் போனால் மனசு மரத்துப்போகும், ரத்தம் ரத்தமாகத் தெரியாது. முதல் சீசன் முடிந்ததும் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். இரண்டாம் சீசன் ஆரம்பத்தில் ஆளாளுக்கு ஒரு திசையில் கிடப்பதால் மூன்று எபிசோடு வரை மெதுவாகத்தான் போகும், கொர்னீலியா துப்பறியும் பகுதி இழுவையாகக்கூடத் தோன்றும், அதைத் தள்ளி ஓட்டிவிடாதீர்கள், கடைசியில் அது வெடிக்கும் இடம் இருக்கிறது. கடைசி எபிசோடைப் பற்றி இணையத்தில் எதையும் தேடாதீர்கள், அதன் தலைப்பைக்கூட. மூன்றாம் சீசன் வரவில்லை, 2017இல் தொடரை நிறுத்திவிட்டார்கள். அதனால் பாதியில் நிற்குமோ என்று பயப்பட வேண்டாம், தாக்கரியின் கதை இருபதாவது எபிசோடில் முழுமையாக முடிந்துவிடுகிறது.